பச்சை வெல்வெட்டில் ஒரு வளையம்

‘மூத்த துணிநல நிபுணர். எந்தத் துணியையும் பார்த்த மாத்திரத்தில் அறிபவர். விரைவு, உறுதி, புன்னகை.’ கழுத்தில் தொங்கிய, சோபா சுத்தம் செய்யும் நிறுவனத்தின் அட்டை அவரைப் பற்றி இப்படிச் சொன்னது. இதில் மூத்தவர் என்பது மட்டும் உண்மை, அதுவும் வயதில். துணியைப் பார்த்த மாத்திரத்தில் அவருக்கு வருவது சந்தேகம். விரைவு அவருக்குப் பிறவியிலேயே இல்லை. எதையும் அவர் உறுதியாகச் சொல்லி யாரும் கேட்டதில்லை. அட்டையில் இருந்த புன்னகைகூட, படம் எடுத்தவன் அதட்டி வாங்கியது.

கூட வேலை செய்தவர்கள் அவரைப் ‘பார்க்கலாம்’ என்று அழைத்தார்கள். கறை போய்விடுமா என்று எந்த வீட்டில் கேட்டாலும் அவர் சொல்லும் பதில் அது ஒன்றுதான். மற்றவர்கள் ‘கண்டிப்பா போயிடும் மேடம்’ என்பார்கள்; அந்த மேடம்களில் பாதிப் பேர் மறுநாள் தொலைபேசியில் கத்துவார்கள். இவரைப் பற்றி யாரும் கத்தியதில்லை, பாராட்டியதும் இல்லை. நிறுவனத்துக்குக் கத்தல் பழகியிருந்தது. தாமதம்தான் பழகவில்லை.

“ஏம்பா, டாக்டர்கூட ஆபரேஷனுக்கு முன்னாடி இவ்வளவு யோசிக்க மாட்டாரு,” என்பார் மேற்பார்வையாளர்.

“டாக்டர் தப்புப் பண்ணா ஆளு கண்ணுல படமாட்டான் சார். சோபா அங்கயேதான் உக்காந்திருக்கும்.”

அவருடைய முறை எளிமையானது, எரிச்சலூட்டுவதும்கூட. முதலில் சோபாவைக் கவிழ்த்து, அடியில் தைத்திருக்கும் சின்ன நாடாவைத் தேடுவார். இந்தத் துணிக்குத் தண்ணீர் ஆகுமா, தண்ணீர் கலக்காத உலர்மருந்து மட்டும்தான் ஆகுமா, இரண்டுமே ஆகாதா என்பது அதில் இருக்கும். பெரும்பாலான வீடுகளில் அந்த நாடாவை யாராவது அசிங்கமாகத் தொங்குகிறதென்று கத்தரித்திருப்பார்கள். அப்புறம் பின்பக்கத்தில், யார் கண்ணிலும் படாத ஒரு மூலையில், துளி ஈரம் ஒற்றுவார். வெள்ளைத் துணியை அழுத்தி, சாயம் ஏறுகிறதா என்று பார்ப்பார். காய விடுவார். காய்ந்ததும் ஜன்னல் வெளிச்சத்தில் தலையை இந்தப் பக்கம் சாய்த்து ஒரு தடவை, அந்தப் பக்கம் சாய்த்து ஒரு தடவை. பிறகுதான் கறை போக்கும் மருந்து, அதற்கும் இதே சடங்கு. அதற்குள் வீட்டுக்காரர் கொடுத்த டீ ஆறிப்போயிருக்கும். கறை முன்னால் இருக்க, இந்த மனிதர் சோபாவின் முதுகையே பார்த்துக்கொண்டிருக்கிறாரே என்று அவர்கள் எட்டி எட்டிப் பார்ப்பார்கள்.

இந்த நிதானம் அவருக்கு ஞானத்தால் வந்ததல்ல. இளமையில் ஒரு சலவைக்கடையில் இஸ்திரி போட்டவர். ஒரு பாடகியின் மேடை உடுப்பை, பார்த்தால் பருத்தி மாதிரி இருக்கிறதே என்று நம்பிச் சூடு வைத்தார். அது பொம்மைக்குப் போடுகிற அளவுக்குச் சுருங்கியது. அன்று முதல் ‘மாதிரி’ என்ற சொல்லை அவர் நம்புவதில்லை.

அவர் வீட்டில் இருந்தவை எல்லாம் பிளாஸ்டிக் நாற்காலிகள். மனைவிக்கு ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் காலர் தைக்கும் வேலை.

“ஊர்ச் சோபாவை எல்லாம் தடவிக் குடுக்கற மனுஷன், பொண்டாட்டிய உக்கார வச்சிருக்கறது பிளாஸ்டிக்ல.”

“அதுதான் நிம்மதி. ஒரு வாளித் தண்ணி ஊத்தினா முடிஞ்சுது. யாரையும் கேக்க வேணாம்.”

“என்னைக் கேக்கணும். ஊத்தறது நான்தானே?”

இப்படிப்பட்டவரைத்தான், அவசரம் என்று கேட்ட ஒரு வீட்டுக்கு நிறுவனம் அனுப்பி வைத்தது. வேறு ஆள் இல்லை.

இரண்டாம் மாடி. கூடத்தில் பாதிச் சாமான்கள் அட்டைப் பெட்டிகளுக்குள் போயிருந்தன. நடுவில் பச்சை வெல்வெட் போட்ட ஒற்றை நாற்காலி, அதில் ஒரு பெரியவர். ஒரு காலத்தில் பேருந்து நிலையத்தில் அறிவிப்புச் சொன்னவராம். எந்த வண்டி எந்த நடைமேடை என்று ஒரு ஊரையே குரலால் ஓட வைத்தவர். பக்கவாதம் வந்த பிறகு பேச்சு முழுக்கப் போய்விட்டது. இப்போது டீ வேண்டுமென்றால் உள்ளங்கையால் ஒரு தட்டு. சேனலை மாற்ற வேண்டும் என்றாலும் அதே தட்டுதான். எது எதற்கு என்பது மகளுடைய ஊகம்.

மகள் வேலை பார்த்த அலுவலகம் அவளை வேறு ஊருக்கு மாற்றிவிட்டது. சாயங்காலம் அவள் அண்ணன் கார் கொண்டுவந்து அப்பாவை அழைத்துப் போகிறார். வீட்டுச் சாவியையும் இன்றே கொடுத்தாக வேண்டும். நாற்காலி கூடப் போவதா இல்லையா என்பதுதான் பாக்கி.

“அண்ணி ஒண்ணும் மோசமானவங்க இல்லைங்க,” என்றாள் மகள். அண்ணி மோசமானவளாக இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம் என்பது அவள் குரலில் இருந்தது. “குழந்தைக்கு இழுப்பு இருக்கு. தூசி, நாத்தம் எதுவும் ஆகாது. நாற்காலி சுத்தமா வந்தா தாராளமா வரட்டும்னு சொல்லிட்டாங்க.”

“புதுசு வாங்கிக்கலாமே மேடம்?”

அவள் அப்பாவைப் பார்த்து, “அப்பா, கொஞ்சம் எந்திரிங்க,” என்றாள்.

பெரியவர் வலது கையை நாற்காலியின் மரக் கைப்பிடியில் ஊன்றினார். முன்னால் சாய்ந்தார், பின்னால் சாய்ந்தார், ஊஞ்சல் ஆடுகிற மாதிரி. மூன்றாவது ஆட்டத்தில் எழுந்து நின்றார். நின்றதும் முகத்தில் ஒரு சின்ன கர்வம்.

“இந்த உயரம், இந்தக் கைப்பிடி. வேற எதுல உக்கார வச்சாலும் தூக்கறதுக்கு ரெண்டு பேர் வேணும். பாத்ரூம் போகக்கூட. அண்ணன், அண்ணி ரெண்டு பேரும் வேலைக்குப் போறவங்க.” அவள் குரலைத் தாழ்த்தினாள். “போயிடுமா?”

இருக்கையில் டீ, மருந்து, அப்புறம் வாய்விட்டுச் சொல்ல வேண்டாத சிலது, எல்லாம் சேர்ந்து ஒரு கண்டம் அளவுக்குப் படிந்திருந்தது.

“பார்க்கலாம்,” என்றார் அவர்.

பெரியவர் காலை இழுத்து நடந்து சாப்பாட்டு மேஜைக்கருகில் போய், கைப்பிடியில்லாத ஒரு நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். இவர் வெல்வெட் நாற்காலியின் அடியில் நாடாவைத் தேடினார். கத்தரித்த தடம்தான் இருந்தது. முதுகுப் பக்கம், தரையை ஒட்டிய மூலையில், துளி ஈரம் ஒற்றினார். வெள்ளைத் துணி வெள்ளையாகவே வந்தது. காய விட்டார்.

அப்போது பெரியவர் மேஜையைத் தட்டினார்.

“டீயா?”

தட்டு.

“பாத்ரூமா? டிவி கழட்டியாச்சுப்பா.”

பெரியவர் நாற்காலியை நோக்கிக் கையை நீட்டி, உள்ளங்கையைக் கீழ்ப்பக்கமாகக் காட்டினார். பிறகு புரட்டி மேல்பக்கமாகக் காட்டினார். மறுபடியும் தட்டினார்.

“நாற்காலியா? உங்களுக்குத்தான் பாக்கறாரு. வந்துடும்பா.”

“ஐயாவுக்குக் கவலை,” என்றார் இவர். “எனக்கும்தான். ரெண்டு பேரும் சேர்ந்து படுவோம்.”

அவள் சிரித்தாள். பெரியவர் சிரிக்கவில்லை. கையைப் புரட்டிப் புரட்டிக் காட்டிவிட்டு, கடைசியில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஈரம் வைத்த மூலை காய்ந்து, வைத்த தடமே இல்லாமல் இருந்தது. மருந்தும் அப்படியே. ஜன்னல் வெளிச்சத்தில் தலையை இரண்டு பக்கமும் சாய்த்துப் பார்த்தார். குறை சொல்ல எதுவும் இல்லை. மருந்தில் நுரை எழுப்பி, மென்மையான தூரிகையால் இருக்கையின் ஓரத்திலிருந்து ஆரம்பித்தார். கறை கரைய ஆரம்பித்தது. மகள் கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்த்தாள். “அட, போகுதே!” என்றாள். அவரும் ஒரு கணம் அட்டையில் இருப்பவர் மாதிரி ஆனார்.

அடுத்து ஒற்றிய வெள்ளைத் துணி பச்சையாக வந்தது.

உடனே நிறுத்தினார். உலர்ந்த துண்டை வைத்துத் தேய்க்காமல் அழுத்தினார். இன்னொரு துண்டு. அதற்கும் பச்சை. வெல்வெட்டின் மயிர், நனைந்த பூனையின் முதுகு மாதிரி படுத்துவிட்டது. கறை இருந்த இடத்தைச் சுற்றி ஒரு பழுப்பு வளையம் எழும்பி, மெதுவாக, யாரையும் கேட்காமல், வெளிப்பக்கமாக நகர்ந்தது. ஈரம் என்பது ஊற்றுகிறவரின் சொத்து, ஊற்றும்வரை மட்டும். அதற்கப்புறம் அது துணியின் சொத்து. அவர் துண்டுகளோடு மண்டியிட்டு அது போகிற வழியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஹேர் டிரையர் இருக்கு, பெட்டியப் பிரிக்கட்டுமா?”

“வேணாங்க. சூடு பட்டா அப்படியே புடிச்சுக்கும்.”

“காஞ்சா போயிடுமா?”

“போகாதுங்க. காஞ்சா இன்னும் நல்லாத் தெரியும்.”

அவர் நாற்காலியை மெல்லச் சாய்த்து, இருக்கையின் அடிவிளிம்பைப் பார்த்தார். முதுகுத் துணியை ஆணி அடித்துப் பிடித்திருந்தார்கள். பழைய ஆணி, துருப்பிடித்தது. இருக்கைத் துணியைப் பிடித்திருந்தது கம்பிப் பின். இரண்டும் ஒரே கையின் வேலை அல்ல, ஒரே காலத்தின் வேலையும் அல்ல. எப்போதோ இருக்கை நைந்துபோய், அதற்கு மட்டும் வேறு வெல்வெட் போட்டிருக்கிறார்கள். பிறகு வெயிலும் உட்காரலும் சேர்ந்து இரண்டு பச்சையையும் ஒரே பச்சையாக்கிவிட்டன. மறைவான இடத்தில் சோதித்துப் பார் என்கிறது தொழில். மறைவான இடம் தன்னைப் பற்றி உண்மையைத்தான் சொன்னது. வேறொரு துணியைப் பற்றி அதனிடம் கேட்டது இவர் தப்பு.

நிமிர்ந்தார். பெரியவர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளங்கையைக் கீழ்ப்பக்கமாகக் காட்டினார். பிறகு மேல்பக்கம்.

“ரெண்டும் வேற வேற துணின்னு சொன்னீங்களா ஐயா?”

ஒரே தட்டு.

மகள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். “எப்போப்பா மாத்தினீங்க? நான் ஹாஸ்டல்ல இருந்தப்போவா?” பெரியவர் கையை மடியில் வைத்துக்கொண்டார். எப்போது என்பதற்கு அவரிடம் தட்டு இல்லை.

இவர் பால்கனிக்குப் போய் மேற்பார்வையாளரைக் கூப்பிட்டார்.

“டேக் இல்லாத துணிக்கு நாம பொறுப்பு இல்லைன்னு பேப்பர்ல போட்டிருக்கு. கையெழுத்து வாங்கிட்டுக் கிளம்பு.”

“அப்ப யாரு சார் பொறுப்பு?”

“யாரும் இல்லை. அதுக்குத்தானய்யா பேப்பரு.”

திரும்பி வந்தபோது கூடத்தில் வாடை கிளம்பியிருந்தது. காய்ந்து பஞ்சுக்குள் உறங்கிக் கிடந்ததையெல்லாம் ஈரம் தட்டி எழுப்பிவிட்டது. ஒரு போர்வையைப் போட்டு மூடிவிடலாம் என்று மகள் எடுத்து வந்தாள்; பாதி விரித்துவிட்டு மூக்கைச் சுளித்து, திரும்ப மடித்தாள். ஜன்னல்களைத் திறந்தார்கள். மின்விசிறியை முழு வேகத்தில் விட்டார்கள். இவர் அழுத்தினார், அவள் துண்டைப் பிழிந்து கொடுத்தாள். அந்த நேரத்தில் கூடத்தில் இருந்த மூன்று பேரில் யாரும் யாரையும் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

அண்ணன் சொன்ன நேரத்துக்கு வந்தார். படியேறிய மூச்சோடு உள்ளே வந்தவர், அந்த மூச்சைப் பாதியில் நிறுத்தினார்.

“என்ன இது, முன்னைவிட மோசமா இருக்கு?”

“என் தப்புதான் சார்,” என்றார் இவர். “இருக்கை வேற துணி. நான் முதுகைப் பாத்துட்டு ஏமாந்துட்டேன். ஐயா சொன்னாரு, எங்களுக்குத்தான் புரியல.”

“அப்பா சொன்னாரா?” அண்ணன் இவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

பிறகு அண்ணன் வீட்டுக்குப் பேச, தொலைபேசியில் அண்ணியின் குரல் கேட்டது. அது கோபக்குரல் அல்ல, களைத்த குரல். “ஈரமா இருக்கறத எப்படிங்க குழந்தை படுக்கற ரூம்ல வைக்கறது? நேத்து ராத்திரி முழுக்க அவன் இழுத்துக்கிட்டுக் கிடந்தான். நீங்களே சொல்லுங்க.” அவள் சொன்னதில் தப்பாக ஒரு சொல் இருந்தால் பிடித்துக்கொள்ளலாம் என்று மகள் காத்திருந்த மாதிரி தெரிந்தது.

“சார், இருக்கைப் பஞ்சையும் துணியையும் பிரிச்சுப் புதுசாப் போட்டா உயரம் மாறாது. நாற்காலி கட்டறவர் ஒருத்தரை எனக்குத் தெரியும்.”

“இன்னிக்கு ஆகுமா?”

“இன்னிக்கு ஆகாது.”

“சரி, கீழ படிக்கட்டுக்கு அடியில போட்டுட்டுப் போவோம். அப்புறம் பேசிக்கலாம்பா.” எத்தனையோ வீடுகளில், எத்தனையோ சோபாக்களைப் பற்றி, இந்த ‘அப்புறம்’ இவர் காதில் விழுந்திருக்கிறது. அது எவ்வளவு தூரம் என்று அவருக்குத் தெரியும். அண்ணன் அப்பாவிடம் குனிந்தார். “புதுசு ஒண்ணு வாங்கிடலாம்பா. பட்டனை அமுக்கினா சாயும். சரியா?”

பெரியவர் மறுபடியும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மகள் காகிதத்தில் தானாகவே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். “உங்க மேல ஒண்ணும் இல்லைங்க,” என்றாள். அது அவருக்கு ஆறுதலாக இல்லை. அவர் தான் கொண்டுவந்திருந்த இயந்திரத்தின் குழாயைச் சுற்றிக்கொண்டிருந்தார்; சுற்றி முடித்ததைப் பிரித்து மறுபடியும் சுற்றினார்.

“போலாம்பா,” என்றார் அண்ணன்.

பெரியவர் வலது கையை மேஜை விளிம்பில் ஊன்றினார். முன்னால் சாய்ந்தார், பின்னால் சாய்ந்தார், மறுபடி முன்னால். நாற்காலிக்கு உயரம் போதவில்லை, மேஜையோ அவரைத் தாங்காமல் நகர்ந்தது. இன்னொரு முறை ஆடினார். அப்புறம் ஆடுவதை நிறுத்திவிட்டு, யாராவது வருவார்கள் என்று உட்கார்ந்திருந்தார். அண்ணன் ஒரு பக்கம் போனார். மகளின் இரண்டு கைகளிலும் மருந்துப் பைகள்.

‘பார்க்கலாம்’ நாற்காலியைச் சுத்தம் செய்யவில்லை. கெடுத்தார். பிறகு பெரியவரின் மறு கக்கத்தில் கையைக் கொடுத்து, அவரை எழுப்பி, இரண்டு மாடியும் இறக்கி, காரில் உட்கார வைத்தார்.