கையில் இருந்தது

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மனு டைப் செய்து கொடுக்கும் அந்தப் பெண்ணின் பெயரை நான் கேட்டுக்கொள்ளவே இல்லை. மூக்கு நுனியில் கண்ணாடி, கொண்டையில் செருகிய பேனா. மனுவோடு வரும் எல்லோரிடமும் அவருக்கு ஒரே கேள்விதான்: "அப்போ கையில இன்னா வெச்சிக்கினு இருந்தீங்க?" ஏரி கோடி போய் நெல் மூழ்கியதைச் சொல்ல வந்தவர், "மண்வெட்டி" என்பார். பிறகு மற்றதெல்லாம் தானாக வரும்.

நான் கொடுத்தது கதை. என் அம்மா இறந்த சேதி வந்த நாளைத்தான் எழுதியிருந்தேன். 'தாங்கொணாத் துயரம்' என்ற இடத்தில் அவர் விரல் நின்றது.

"இது எல்லா மனுவுலயும் கீது சார். போன் வந்தப்போ உங்க கையில இன்னா இருந்துச்சு?"

எனக்கு எரிச்சல்தான் வந்தது. மனு டைப் செய்கிறவள் எனக்குக் கதை சொல்லித் தருகிறாளா? ஆனால் அதற்குள் வாய் பதில் சொல்லிவிட்டது.

"டிபன் பாக்ஸ். காலைல அம்மா கட்டிக் குடுத்தது. அப்பதான் மூடியத் தொறந்தேன்."

அவர் தாளை என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

"அப்புறம் சாப்டீங்களா?"

தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். அதன் பிறகு கதையை நாலு தடவை மாற்றி எழுதிவிட்டேன். சாப்பிட்டேன் என்று எழுத மட்டும் இன்னும் கை வரவில்லை.