கைதட்டல் அடங்கியபின் ஒரு குரல்

அவரை எல்லோரும் பாம்புக்காதுக்காரர் என்பார்கள். லிப்ட் மெக்கானிக். ஐந்தாவது மாடியில் இரும்புக்கயிறு முனகினால் கீழே நின்றபடியே சொல்லிவிடுவார். அப்பேர்ப்பட்ட காதுக்குத்தான், செத்துப்போன மனைவி சொன்ன ஒரே ஒரு வாக்கியம் பிடிபடவில்லை.

அது ஓர் இசைத்தட்டில் இருந்தது. அரங்கத்தில் நேரடியாகப் பதிவு செய்தது; அவள் போன பிறகுதான் கைக்கு வந்தது. இரண்டு பாட்டுக்கு நடுவே, கைதட்டல் அடங்கும்போது, முன்வரிசையில் அவள் இருமுவாள். இருமல் அவளுடையதுதான், சத்தியம் பண்ணுவார். பிறகு யாரிடமோ ஏதோ சொல்வாள். அது இரைச்சலில் மூழ்கிக் கிடந்தது. கச்சேரி அன்றைக்கு, "நீ முன்னாடி போ, வந்துடறேன்" என்றவர் போகவில்லை; எங்கோ ஒரு லிப்ட் நின்றுவிட்டது. அந்தச் சாயங்காலத்தைப் பற்றி அவர் யாரிடமும் பேசியதில்லை. பேசினால், போகாததையும் பேச வேண்டுமே!

ஊசி எடுத்துத் தரும் ஒலி கொசு முனகுகிற அளவுதான். அதைப் பெருக்கிக் கொடுக்கும் பெட்டிக்குப் போனோ பிரீஆம்ப் என்று பெயர். பெட்டி நல்லதானால் வார்த்தை விளங்கும் என்று மனிதருக்குப் பித்துப் பிடித்தது. வால்வு பெட்டி அவளைப் பக்கத்தில் கொண்டுவந்து உட்காரவைத்தது, வாயில் பஞ்சை அடைத்து. டிரான்சிஸ்டர் பெட்டியில் யார் யாரோ மூச்சுவிடுவதுகூடக் கேட்டது, அவள்தான் எட்டப் போய்விட்டாள். இதை மாட்டி அந்த இடம், அதை மாட்டி அதே இடம். ஒப்பிட்டுப் பார்க்க வேறு வழி?

கடைசியில், பெட்டிகள் விற்ற கடைக்காரர், இருப்பதிலேயே உசத்தியான பெட்டியை இரவல் தந்தார். மச்சினி வந்திருந்த நேரம். அவளையும் கூடவே உட்காரவைத்துத் தட்டைப் போட்டார். பாட்டு தெளிவாக வந்தது, கைதட்டல் வந்தது. அப்புறம் வெறும் கரகரப்பு. இருமலைக்கூடக் காணோம். பெட்டிமேல் குற்றமில்லை. ஓடி ஓடி ஊசி அந்த இடத்தை மட்டும் சுரண்டித் தின்றிருந்தது. பாவி மனுஷன், தேடித் தேடித் தானே அவளை அழித்துவிட்டார்.

"போச்சும்மா, உங்கக்கா பேசினது போச்சு."

விஷயத்தைக் கேட்டதும் மச்சினி தலையில் அடித்துக்கொண்டாள். "அக்கா பேசினதே என்கிட்டதான் அத்தான்! பக்கத்துல நான்தானே இருந்தேன். ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா?"

வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை. அவருக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

"என்ன சொன்னா?"

"வேண்டாம் விடுங்க."

"சொல்லும்மா."

"'வாசலைப் பாருடி, அவர் வந்துட்டாரா'ன்னா. உங்க நாற்காலியில பையை வெச்சுக்கிட்டு, கடைசி வரைக்கும் யாரையும் உக்கார விடல."

மச்சினி கிளம்பிய பிறகு மறுபடியும் ஊசியை வைத்தார். கரகரப்புக்குள்ளிருந்து அட்சரம் பிசகாமல் வந்தது: வாசலைப் பாருடி, அவர் வந்துட்டாரா. வால்வு பெட்டியிலும் அதுவே, டிரான்சிஸ்டரிலும் அதுவே. பிளக்கைப் பிடுங்கினார். தட்டு நின்றது, குரல் நிற்கவில்லை.

"வந்துட்டேன்டி" என்றார் சத்தமாக.

அவள் மறுபடியும் கேட்டாள்.