ஒன்பது சதவீதத்தில் நின்ற ஏசி

என் தம்பிக்குக் கழுத்துக்குக் கீழே வியர்க்காது. வத்திராயிருப்பு சாலையில் பைக்கிலிருந்து விழுந்து தண்டுவடம் அடிபட்ட பிறகு கை கால் அசைவில்லை; தொட்டாலும் தெரியாது. வியர்க்காத உடம்பு கோடையில் சூடேறிக்கொண்டே போகும். காய்ச்சல்மானியில் நூற்றிரண்டைத் தாண்டவிடக் கூடாது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அதனால் மடவார் வளாகம் பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டில், அவன் அறையின் ஒரே ஜன்னலில் விண்டோ ஏசியைப் பொருத்தினோம். ஜன்னல் அத்தோடு அடைபட்டது.

மாதம் ஒருநாள் பராமரிப்புக்காகக் காலை ஒன்பது முதல் இரண்டு வரை கரண்ட் இருக்காது. சாதாரண இன்வெர்ட்டர் ஏசியை இழுக்காது என்று கடைக்காரர் கையை விரித்துவிட்டார். எனவே பவர் ஸ்டேஷன் என்கிற பெரிய பேட்டரிப் பெட்டியை வாங்கினேன். சூட்கேஸ் அளவு, இருபத்திரண்டு கிலோ, இரண்டாயிரம் வாட் மணி கொள்ளளவு. ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையின் பரிசோதனைப் பிரிவில் எனக்கு வேலை. எதையும் அளந்து எழுதாமல் நம்பமாட்டேன். ஒரு மாலையில் ஏசியை அதில் ஓட்டிப் பார்த்தேன். கம்ப்ரசர் ஓடும்போது தொள்ளாயிரம் வாட், ஓய்வில் எண்பது. இருபத்தேழு டிகிரியில் வைத்தால் மூன்று மணி நேரம் வரும். பதினொன்றுக்குப் போட்டால் இரண்டு வரை தாங்கும் என்று நோட்டில் குறித்துவைத்தேன்.

சித்திரை மாதத்து மின்தடை அன்று விடுப்பு எடுத்தேன். தம்பி மனைவி பள்ளி ஆசிரியை. அவளுக்கு விடுப்பு கிடைக்கவில்லை.

"அத்தான், நான் வேணா சொல்லிப் பாக்கட்டா?" என்றாள் வாசலில்.

"நீ போ. எல்லாம் கணக்குப் போட்டு வச்சிருக்கேன்" என்றேன்.

கணக்கில் ஒரு பிழை இருந்தது. நான் சோதித்தது ஏற்கெனவே குளிர்ந்திருந்த அறையில். அன்று பதினொன்றுக்குள் அறை கொதித்துவிட்டது. கம்ப்ரசர் ஒருமுறைகூட ஓயவில்லை. அரை மணிக்கு ஒருமுறை அவன் வாயில் காய்ச்சல்மானியை வைத்தேன்.

"அண்ணே, நா என்ன ஒங்க மில்லு நூலா? எம்புட்டு தடவ அளப்ப?"

"வாய மூடுலே. கண்ணாடிய கடிச்சிராத."

பன்னிரண்டே முக்காலுக்கு, ஒன்பது சதவீதத்தில், பெட்டி இனி ஏசியின் சுமையைத் தாங்காமல் 'பீப்' என்று கத்தி அதை நிறுத்தியது. இன்னும் ஒன்றேகால் மணி நேரம்தானே என்று அட்டையால் விசிறினேன். இரண்டு மணி ஆயிற்று, கரண்ட் வரவில்லை. நூற்றொன்று புள்ளி நான்கு. அவன் முகம் சிவந்து, பேச்சு குறைந்திருந்தது.

"அண்ணே, அந்தப் பெட்டியில ஃபேன் ஓடுமா?"

ஃபேனுக்கு ஐம்பது வாட்தான். மிச்சமிருக்கும் ஒன்பது சதவீதத்தில் இரண்டரை மணி நேரத்துக்கு மேல் வரும். அது எனக்குத் தோன்றவே இல்லை.

"வெறும் ஃபேன் சூடாத்தான் அடிக்கும். ஈரத்துணி வச்சு ஒடம்ப தொடைக்கணும். அவ அப்பிடித்தான் செய்வா."

"இத ஏம்லே அப்பவே சொல்லல?"

"ஒன்னப் போயி தொடைக்கச் சொல்லவான்னு இருந்துச்சு."

ஆறு வருடமாக ஒரே வீட்டில் இருக்கிறோம். குளிப்பாட்டுவதும் துடைப்பதும் அவள்தான். அந்த நேரத்தில் நான் அறைக்கு வெளியே போய்விடுவேன். இன்று டேபிள் ஃபேனைப் பெட்டியில் செருகிவிட்டு, வாளியில் துண்டை நனைத்து, அவன் சட்டைப் பொத்தான்களைக் கழற்றினேன். என் கைதான் கூசியது.

"எங்க தொடைக்கன்னு சொல்லிக்கிட்டே தொடைண்ணே. எனக்குத் தெரியாதுல்லா."

"நெஞ்சு" என்றேன். "வலது தோள். முழங்கை. இப்ப உள்ளங்கை."

"பாத்து. உள்ளங்கையில கூச்சம் சாஸ்தி எனக்கு" என்று கண்ணை மூடிக்கொண்டு சிரித்தான்.

வயிறு, இடுப்பு, வலது தொடை, முழங்கால் என்று சொல்லிக்கொண்டே போனேன். மறுபடி நனைத்து மறுபடி ஆரம்பித்தேன். இரண்டரைக்கு நூற்றொன்று. மூன்று மணிக்கு நூறு புள்ளி இரண்டு. மூன்று பத்துக்குக் கரண்ட் வந்தது. நான் ஏசி சுவிட்சுக்கு எழுந்தேன்.

"செத்த நேரம் பொறுண்ணே. எடது காலு பாக்கி இருக்கு."

உட்கார்ந்தேன். துண்டைப் பிழிந்து, "இடது முழங்கால்" என்றேன். பிறகு கணுக்கால், குதிகால். கடைசியில் விரல்களை ஒவ்வொன்றாகச் சொல்லித் துடைத்தேன். சுண்டுவிரலுக்கு வரும்போது அவன் தூங்கியிருந்தான். அதையும் மெதுவாகச் சொல்லிவிட்டே துடைத்தேன்.