நான் காவல் காத்த மருந்துப் பெட்டிகள்

இதை எழுத உட்கார்ந்து பல வருஷமாக எழுந்து எழுந்து போயிருக்கிறேன். எட்டாவதோடு படிப்பை விட்டவனுக்கு எழுத வராது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது சாக்கு. துணிவில்லை, அதுதான் உண்மை.

கண்ணை மூடினால் அந்த நர்ஸம்மாவின் கால்கள்தான் தெரிகின்றன. முழங்கால்வரை சேறு. கல்வராயன் மலையில் மழை கொட்டிப் பாதை சரிந்து, குடிதண்ணீர் கெட்டு, ஊருக்கு ஊர் வாந்திபேதி. கையிலிருந்த மருந்து தீர்ந்துபோய், அவர் மலையடிவாரத்துக் கச்சிராயபாளையம்வரை நடந்தே இறங்கி வந்திருந்தார்.

வெள்ளம் வந்தாலும் நோய் பரவினாலும் எந்த நாட்டுக்கும் மருந்து அனுப்புகிற ஒரு பெரிய கம்பெனி, அந்தத் தடவை எங்கள் மலைக்கும் அனுப்பியது. கள்ளக்குறிச்சியில் என் மளிகைக்கடைக் கிடங்கில் இறக்கினார்கள். வேனில் ஏற்றி நான் அடிவாரத்துக்குக் கொண்டுபோனேன். நல்ல மனதோடு அனுப்பினார்கள், அதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை. அவர்களுடைய அதிகாரி போனில் ஒன்றே ஒன்று சொன்னார்: "நாங்க வர்ற வரைக்கும் ஒரு பெட்டியும் பிரிக்காதீங்க பாய். எங்க பெரியவர் கையால குடுக்கணும்." சரி என்று வாக்குக் கொடுத்தேன். நம்பி ஒப்படைத்த பொருளை நாங்கள் அமானிதம் என்போம். அதில் கை வைப்பது பெரும் பாவம்.

"நாலு பெட்டி குடுங்க பாய். தூக்கிக்கினு போவ ஆளுங்க வந்துக்கினு இருக்காங்க," என்றார் நர்ஸம்மா.

"அமானிதம்மா. அவங்க வராம தொட முடியாது."

"இன்னா பாய் சொல்றீங்க? மேல ஒரு பொம்பள கண்ணு சொருகிப் படுத்துக்கினு இருக்குறா. வெறும் கஞ்சித் தண்ணிய குடுத்துட்டு வந்திருக்கறேன்."

வேன் டிரைவர் சிரித்தார். "புதையல் காக்குற பூதம்கூட உங்ககிட்ட தோத்துடும் பாய்."

அதிகாரிக்குப் போன் போட்டேன். "இதோ, உளுந்தூர்பேட்டை தாண்டிட்டோம்." அரை மணி கழித்து மறுபடி போட்டேன். மறுபடியும் அதே "இதோ". பெட்டிகளை விட்டு நகரக்கூடாதென்று வேனுக்குப் பக்கத்திலேயே துண்டு விரித்து மதியத் தொழுகையான லுஹர் தொழுதேன். நான் நெற்றியைத் தரையில் வைத்திருந்த நேரத்தில் நர்ஸம்மா ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு போயிருக்கலாம். போகவில்லை. நான் தொழுது முடிக்கும்வரை ஒதுங்கி நின்று, மறுபடியும் வந்து கேட்டார். மறுபடியும் மறுத்தேன்.

சாயங்காலம் அஸர் தொழுகை நேரத்துக்குத்தான் கம்பெனிக் கார்கள் வந்தன. பேனர் கட்டி போட்டோ எடுத்தார்கள். பெட்டியை வாங்கிய கையோடு நர்ஸம்மா மலை ஏறினார். அவர் போய்ச் சேருமுன்பே அந்தப் பெண் இறந்துவிட்டாள்.

செய்தி வந்த அன்று என் மனைவி சொன்னாள்: "அமானிதம்னா யாருக்கு உரியதோ அவங்ககிட்ட சேக்குறதுங்க. அனுப்புனவங்களுக்கா வாந்திபேதி?" தினம் ஐந்து வேளையும் தொழுகிறவனுக்கு அது அடிவாரத்தில் ஏன் தோன்றவில்லை?

போன வருஷம், திருக்கோவிலூருக்கு மாற்றலாகிப் போயிருந்த நர்ஸம்மாவைத் தேடிப்போய் மன்னிப்புக் கேட்டேன். தலைமுடி பாதி நரைத்திருந்தது. "எங்கிட்ட இன்னாத்துக்கு பாய் கேக்குறீங்க? அவ வூடு மேல இருக்குது. ரெண்டு பொண்ணுங்க," என்றார். பிறகு, "நானும் புடுங்கிக்கினு போயிருக்கணும். கேட்டுக்கினே நின்னுட்டேன்," என்றார்.

அதற்குப் பிறகு இரண்டு தடவை பஸ் ஏறி அடிவாரம்வரை போய்த் திரும்பிவிட்டேன். இதற்கிடையில் அந்தக் கம்பெனிக் கூட்டங்களில், அரை நாள் பசியோடு பெட்டியைக் காத்த நேர்மையான கடைக்காரர் என்று என் கதையைச் சொல்கிறார்களாம். கூப்பிட்டு ஷீல்டும் கொடுத்தார்கள். வாயைத் திறக்காமல் வாங்கி வந்தேன்.

அதனால்தான் இந்த எழுத்து. படிக்கிறவர்கள் யாரிடமாவது இதைச் சொன்னால் எதையும் விட்டுவிடாதீர்கள், எனக்காக எதையும் சேர்க்காதீர்கள். அவர் கேட்டார், நான் மறுத்தேன், ஒருத்தி செத்தாள். இந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் மலை ஏறப் பார்க்கிறேன், இன்ஷா அல்லாஹ். எனக்கு முன்னால் இது அந்த இரண்டு பெண்களின் காதுக்குப் போனால், இப்படியே போகட்டும்.