மூன்று விரல்

அந்த டாக்டர்மேல் காத்தவராயனுக்கு நாலு வருடக் கோபம். அண்ணன் கோவிந்தசாமியை ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, "வயசானா வர்ற மறதிதான், வீட்டம்மா சும்மா பயப்படுறாங்க" என்று அனுப்பிவிட்டவர் அவர். இப்போது வேலை பார்க்கும் தட்டாஞ்சாவடிப் பட்டறையில் டீ வரும்போதெல்லாம் அவரைத் திட்டுவான். ஆனால் அன்றைக்கு நடந்ததில் ஒன்றை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை.

அண்ணனும் தம்பியும் பழைய மில் ஆட்கள். பக்கத்துப் பக்கத்துத் தறி. அந்தச் சத்தத்தில் காது எங்கே கேட்கும்? பேச்செல்லாம் கையும் உதடும்தான். நெஞ்சில் இரண்டு தட்டுத் தட்டித் தறியைக் காட்டினால், 'வெளிய போயிட்டு வர்றேன், என் தறியப் பாத்துக்க' என்று அர்த்தம். மில்லை மூடிய பிறகும், கல்யாண வீட்டு மேளத்துக்கு நடுவே இரண்டு பேரும் அப்படித்தான் பேசிக்கொள்வார்கள்.

அந்த ஐந்து நிமிடத்தில் டாக்டர் என்ன கிழமை என்று கேட்டார். அண்ணன் விழித்தார். மகன் வயசு ஆள் முன்னால் அண்ணன் தலை குனிவதைக் காத்தவராயனால் பார்க்க முடியவில்லை. டாக்டரின் முதுகுக்குப் பின்னால் நின்று மூன்று விரலைக் காட்டினான். திங்களிலிருந்து மூன்றாம் நாள்.

"புதன்," என்றார் அண்ணன்.

மாதத்தை உதட்டால் சொன்னான். அதுவும் சரியாக வந்தது. வெறும் பாத்திரத்தை அடுப்பில் ஏற்றுகிறார், விடியற்காலையில் மில்லுக்குக் கிளம்புகிறார் என்று அண்ணி கமலவேணி சொன்னது எதுவும் எடுபடவில்லை. அதன்பிறகு அண்ணி எந்த ஆஸ்பத்திரியிலும் வாய் திறக்கவில்லை.

நாலு வருடம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை அண்ணன் காணாமல் போனார். தேங்காய்த்திட்டில் மீன் ஏலம் விடுகிறவர்கள் பிடித்து உட்கார வைத்திருந்தார்கள். அங்கிருந்து நேராக அண்ணியும் தம்பியும் அவரை அதே டாக்டரிடம் கூட்டிப்போனார்கள். அதே கேள்வி.

அண்ணன் டாக்டரைப் பார்க்கவில்லை; தம்பியின் கையையே பார்த்தார். காத்தவராயன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். அண்ணன் காத்திருந்தார். முகம் வாடிப்போனது.

"சார், அன்னிக்குப் பதில் சொன்னது அவரு இல்ல. நான்தான். இப்டி," என்று காத்தவராயன் மூன்று விரலை நீட்டினான்.

"புதன்," என்றார் அண்ணன், சந்தோஷமாக.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "அன்னிக்கே தெரிஞ்சிருந்தாலும் இந்த நோயை நிறுத்தியிருக்க முடியாது. ஆனா இந்தம்மாவ இப்படித் தனியா விட்டிருக்க மாட்டேன். நானும் அவங்க பேச்சக் கேக்கல." நாற்காலியை அண்ணி பக்கம் திருப்பினார். "சொல்லுங்கம்மா, மொதல்லேர்ந்து."

அண்ணி கொழுந்தனின் கையைப் பார்த்தாள். "இந்தக் கையாலதான் என் வாயக் கட்டுனியா தம்பி?"

காத்தவராயன் நீட்டிய விரல்களை மடக்கிக்கொண்டான்.

மாத்திரை வந்தது, வாசல் கதவுக்கு உயரத்தில் தாழ்ப்பாள் வந்தது. அண்ணனின் பேச்சு மட்டும் போய்க்கொண்டே இருந்தது. அண்ணி கொஞ்சம் தூங்கட்டும் என்று ஞாயிறுதோறும் பகலில் உழவர்கரை வீட்டுக்குப் போய் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்தான். அவர் யாரோ என்று பார்ப்பார். ஊட்டினால் சாப்பிடுவார்.

அவர் கையும் ஓய்ந்துபோவதற்கு முந்தின ஞாயிறு. பழைய டேபிள் ஃபேன் தறி மாதிரி கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. அண்ணன் வெகுநேரம் அதையே பார்த்தார். பிறகு தம்பியைப் பார்த்தார், யாரென்று தெரிந்த மாதிரி. கை மெல்ல ஏறி நெஞ்சில் இரண்டு தட்டுத் தட்டியது. அப்புறம் ஃபேனைக் காட்டியது.