மைதானத்துக்கு யார் பெயர்?

பல நாட்டவரும் குடியேறி வாழும் மோர்னிங்சைடில் ஒரு வாடகை மண்டபம். அதைப் பூட்டிவிட்டு என்னைப் பிக்கரிங் ஸ்டேஷனில் விடுவதாகச் சொன்ன சிவா அண்ணை, ஒரு மணி நேரமாகச் சாவிக்கொத்தோடு நிற்கிறார். உள்ளே ஐரிஷ்காரர்கள் கலைகிற வழியாக இல்லை. அயர்லாந்தின் ஒரே சிற்றூரிலிருந்து வந்த இரண்டு கோஷ்டிகள், ஊர் விளையாட்டு மைதானத்துக்கு யார் பெயரை வைப்பது என்று மேசையைத் தட்டிக் கத்துகிறார்கள்.

"அங்கை விளையாடப் பொடியளே இல்லையாம். எல்லாரும் இஞ்சையும் லண்டனிலையும்தான் நிக்கினம். உதுக்குள்ளை ரெண்டு சங்கம் வேறை!" அண்ணை தலையில் அடித்துக்கொள்கிறார்.

அவருடைய யாழ்ப்பாணத்து ஊருக்கும் இங்கே சங்கம் உண்டா என்று கேட்கிறேன்.

"ஓம், மூண்டு."

"மூன்றா!"

"முதல் ரெண்டும் சரியில்லை, தம்பி." அவர் குரல் ஏறுகிறது. "அதாலைதான் நான் மூண்டாவதைத் தொடங்கினனான்."