குளிருக்குப் போட்ட எண்

பார்சலைப் பிரித்தபோது வீட்டில் நானும் அம்மாவும்தான் இருந்தோம். அப்பா விளைந்த மல்லாட்டை மூட்டைகளை விற்கத் திண்டிவனம் மார்க்கெட் கமிட்டிக்குப் போயிருந்தார். அவர் இருந்திருந்தால் வீட்டுக்குப் பின்னாலிருந்த அவரைக்காய்ப் பந்தலில் கைவைக்க விட்டிருக்க மாட்டார்.

பார்சலில் நான்கு அவகாடோ கன்றுகள். ஆன்லைனில் விற்றவர்கள் ஒவ்வொரு செடிக்கும் ‘ஹார்டினெஸ் ஜோன்’ என்று ஒரு மண்டல எண் போட்டிருந்தார்கள். வாங்குவதற்கு முன், விழுப்புரத்தில் வேலை முடிந்து பஸ்ஸில் வரும்போது தேடிப் பார்த்தேன். எங்கள் ஊர் பதின்மூன்றாம் மண்டலம். அவகாடோவுக்கு ஒன்பது முதல் பதின்மூன்று வரை. மண்டலம் பொருந்தியும் செத்தால் பணம் திரும்ப வரும் என்று உத்தரவாதம் வேறு.

கன்று நட இடம் பந்தலடியில்தான் இருந்தது. கொடி பூவும் பிஞ்சுமாக நின்றது. கல்யாணமாகிப் போன என் இரண்டு அக்காக்களுக்கும் பொங்கல் வரிசையில் அந்த அவரைதான் வருஷா வருஷம் போகும்.

“காய்க்கிற நேரத்துல பிரிக்கச் சொல்றியே. பொங்கலுக்கு அவளுங்களுக்கு என்னத்த குடுத்தனுப்புவேன்?” என்றார் அம்மா.

போனில் எண்ணைக் காட்டினேன். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போனவன் நான் ஒருவன்தான். சற்று நேரம் போனையே பார்த்தார். பிறகு, “படிச்ச புள்ள சொல்ற” என்று அவரே கத்தி எடுத்துவந்து கொடியை அறுத்தார்.

பொங்கலுக்கு அக்காக்களுக்கு மார்க்கெட்டில் வாங்கிய அவரைக்காய்தான் போனது. பங்குனியில், பந்தல் இருந்த இடத்தில் நட்ட கன்றுகளின் இலை ஓரம் கருகத் தொடங்கியது. நிழல்வலை கட்டினேன். சித்திரை முடிவதற்குள் நான்கும் குச்சியாகிவிட்டன.

விற்றவர்களுக்குப் போன் செய்தேன். எடுத்தவர் பணிவாகவே பேசினார். “சார், அது எவ்ளோ குளிர் தாங்கும்னு சொல்ற நம்பருங்க. உங்க செடி குளிர்லயா செத்துச்சு?”

“வெயில்ல.”

“அப்ப கேரண்டி வராதுங்க.”

தண்ணீர் உறைவதை ஐஸ் பெட்டியில் மட்டுமே பார்த்த ஊர் இது. இங்கே குளிர் எண்ணை ஒட்டி எதற்கு விற்கிறார்கள்? எங்களுக்கு வேண்டியது சித்திரை வெயிலைத் தாங்குமா என்ற ஒரே பதில். அதை எங்கேயும் எழுதவில்லை. எண்ணைப் பார்த்தால் ‘இங்கே வளரும்’ என்றுதான் நினைப்போம் என்பது அவர்களுக்குத் தெரியும். அது எதை அளக்கிறது என்று கேட்காமல் விட்டவன் நான். அந்தக் கோபம் இன்னும் என் மேலும் இருக்கிறது.

அப்பா காய்ந்த குச்சியைப் பிடுங்கிப் பார்த்தார். “அந்த நம்பரை வெயிலுக்குக் காட்டினியாடா?” என்றார். அம்மா சிரிக்கவில்லை.

நான்கு கன்றுக்கும் சேர்த்து இரண்டாயிரத்து அறுநூறு, கூரியருக்கு முந்நூற்று நாற்பது, நிழல்வலைக்கு எண்ணூற்று எண்பது, அக்காக்களுக்கு வாங்கிய அவரைக்கு அறுநூறு. மொத்தம் நாலாயிரத்து நானூற்று இருபது ரூபாய்.